எடைக்குப் போட்ட புத்தகங்கள்

போன வருடம் ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. மதியம் இரண்டு நாற்பதுக்கு, சிவகாசியில் இருக்கும் எங்கள் புத்தகக் கடையின் ஷட்டர் ஒருமுறை நடுங்கி நின்றது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது.

எங்கள் ஊரில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் யாரும் அலறுவதில்லை. தெருவுக்கு வந்து வானத்தைப் பார்ப்போம். புகை எந்தப் பக்கம் என்பதுதான் முதல் கேள்வி. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் கையை நீட்டி, "நாரணாபுரம் பக்கந்தான்" என்றார். என் மகள் அங்கேதான் போயிருந்தாள்.

அவள் ஏன் அங்கே போனாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நானும் என் கணவரும் சேர்ந்து கடையை நடத்துகிறோம். முன்பெல்லாம் பள்ளி திறக்கிற சமயத்தில் கைடு வாங்க வருகிற கூட்டத்தில் ஒன்றிரண்டு பேராவது கதைப் புத்தகங்களையும் புரட்டிப் பார்ப்பார்கள். இப்போது கைடே போனில் வந்துவிடுகிறது. உள் அலமாரியில் இருந்த நாவல், சிறுகதை, குழந்தைகள் புத்தகங்களைத் தூசி தட்டுவதுதான் எங்களுக்கு வேலையாக இருந்தது. ரொக்கத்துக்கு வாங்கியவை என்பதால் பதிப்பகங்களும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில், அந்த இடத்தில் போன் கவரும் சார்ஜரும் வைப்போம் என்று முடிவு செய்தோம். அன்று காலை பழைய பேப்பர் வியாபாரி வேனைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் எடை போட்டு ஏற்றிக்கொண்டு போனார்.

இங்கே பழைய பேப்பருக்கு எப்போதும் கிராக்கி உண்டு. வெடிமருந்து அடைக்கிற குழாயைப் பேப்பரில்தான் சுற்றுகிறார்கள். எங்கள் ஊரில் எந்தப் புத்தகமும் வீணாகாது என்று கடைக்காரர்கள் நாங்களே வேடிக்கையாகப் பேசிக்கொள்வோம்.

மகள் மதுரையில் கல்லூரியில் படிக்கிறாள். இரண்டு நாள் லீவில் வந்திருந்தவள், மதியம் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். காலி அலமாரியைப் பார்த்தாள். பிறகு, "விக்க வச்சிருந்ததை வெடிக்கக் குடுத்துட்டியேம்மா" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. வாங்க ஆள் இல்லாததைக் கட்டிக்கொண்டு நான் என்ன செய்ய என்று கேட்டேன். வியாபாரிக்குப் போன் போட்டு விசாரித்தாள். நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு கம்பெனி காம்பவுண்டுக்குள் இருக்கும் குழாய் சுற்றுகிற ஷெட்டில் லோடை இறக்கியாயிற்று என்றார் அவர். பத்துப் புத்தகமாவது எடுத்து வருகிறேன் என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் தடுக்கவில்லை.

புகையைப் பார்த்த உடனே அவளுக்குப் போன் செய்தேன். மணி முழுவதும் அடித்து நின்றது. வெளியூர்க்காரராக இருந்தால், சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்து இன்னொரு தடவை அடித்துப் பார்ப்பார். எனக்கு அந்த ஆறுதலுக்கும் வழியில்லை. பட்டாசு கம்பெனிக்குள் போகிறவர்கள் கேட்டிலேயே போனைக் கொடுத்துவிட வேண்டும். அடித்தும் எடுக்கவில்லை என்றால், போன் வாட்ச்மேனிடம் இருக்கிறது, ஆள் உள்ளே இருக்கிறாள் என்று அர்த்தம். அது தெரிந்தும் நான் அடித்துக்கொண்டே இருந்தேன்.

கணவர் அன்று விருதுநகருக்குப் போயிருந்தார். அவரிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் சொல்லாமலே விட்டேன். ஜெராக்ஸ் கடைக்காரர்தான் பைக்கில் கூட்டிப்போனார். கம்பெனிக்குக் கொஞ்சம் முன்னாலேயே ரோட்டை மறித்திருந்தார்கள். தீயணைப்பு வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. எனக்கு முன்பே அங்கே ஒரு கூட்டம் நின்றது. பெரும்பாலும் பெண்கள். யாரும் யாருடைய பெயரையும் சொல்லவில்லை.

என் பக்கத்தில் நின்ற அம்மா என் கையைப் பிடித்து, "உங்க புள்ள எந்த ரூமு?" என்று கேட்டார்.

புத்தகம் எடுக்க வந்தவள் என்று நான் சொல்லவில்லை. அந்த இடத்தில் அந்தச் சொல்லே கூசியது. குழாய் ஷெட் என்று மட்டும் சொன்னேன்.

"அப்பப் பயப்படாதீக. அங்கன மருந்தே கிடையாது" என்றார். பிறகு மெதுவாக, "எம்மகதான் மருந்து அடைக்கிற ரூமுல இருக்கா" என்றார். சொல்லிவிட்டு என் கையை விடாமலே நின்றார். தன் பிள்ளை ஆபத்தான இடத்தில் இருக்கும்போது என் பயத்தை ஆற்றிய அந்த அம்மாவை நான் மறக்கவே முடியாது.

நேரம் போனதே தெரியவில்லை. கடைசியில் ஒரு தீயணைப்பு வீரர் வந்து சொன்னார். வெடித்தது மருந்து கலக்குகிற அறை. காலையிலேயே வேலை முடித்துப் பூட்டியிருந்ததால் உள்ளே ஆள் இல்லை. ஓடும்போது விழுந்து சிலருக்குக் காயம், உயிருக்கு ஒன்றுமில்லை. எல்லோரும் பின்பக்க வழியாகக் கருவேலங்காட்டுக்குள் ஓடிவிட்டார்கள், சுற்றிக்கொண்டு வருவார்கள் என்றார்.

முதலில் வந்த கூட்டத்தில் அந்த அம்மாவின் மகள் இருந்தாள். அவர் ஓடிப்போய் அவள் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். அப்புறம்தான் அழுதார். எனக்குப் பார்க்கப் பார்க்கப் பயம் கூடியது. என் மகளுக்கு அந்தக் காட்டில் வழி தெரியாது.

கடைசியாக வந்தவர்களில் அவள் இருந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை. முழங்கையெல்லாம் முள் கீறல். கையில் ஒரு புத்தகமும் இல்லை. குழாய் சுற்றுகிற ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், என் மகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக் கூட்டிவந்தார். சத்தம் கேட்டதும் என் மகள் போனையும் வண்டியையும் எடுக்க கேட் பக்கமாக ஓடியிருக்கிறாள். வெடித்த அறை அந்தப் பக்கம்தான். இவர்தான் இழுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடியிருக்கிறார். நான் கும்பிட்டேன்.

அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. காட்டுக்குள் வரும்போது மகள் எங்கள் கடையைப் பற்றிச் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது.

"எக்கா, அந்த புக்கு கடை உங்களுதா?" என்று கேட்டார். நான் தலையசைத்தேன். "சுத்துறப்ப ஒரு பக்கம் படிப்பேன். நல்லா இருக்கும். அடுத்த பக்கம் வேறொருத்தி கையில சுத்தி முடிஞ்சிருக்கும். கதை பாதியிலயே நிக்கும். அதான், முழு புக்கா வாங்குவோம்னு நாலஞ்சு தடவை உங்க கடைக்கு வந்தேன். எங்களுக்கு ஞாயித்துக்கிழமைதான லீவு. வந்தப்பெல்லாம் ஷட்டரை இறக்கிப் போட்டிருந்தீக."

புத்தகத்துக்கு இனி ஆள் இல்லை என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் நான் தலையாட்டுவதில்லை; வந்தவர்களில் எத்தனை பேர் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள் என்பது எனக்குத் தெரியாது.