கொள்ளுத் தண்ணீர்

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பு போடிமெட்டு வளைவில் உருண்டு மகன் திருப்பதி செத்தது எழுபத்தேழில். அன்றிலிருந்து ஒச்சம்மாள் கவிச்சி தொடவில்லை. செத்தவனுக்குப் பிடித்ததை விட்டுவிடுவது அவர்கள் வழக்கம். அவனுக்குக் கருவாடு என்றால் உயிர். இவளோ கறி, மீன், முட்டை எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தலைமுழுகினாள். இன்னொன்றும் சொன்னாள்: "நான் இருக்கவரைக்கும் எம்மருமக அந்த ஜீப்புல கால வைக்கக் கூடாது." கைக்குழந்தையோடு நின்ற வேலுத்தாயை வீட்டில் விட்டுவிட்டு, அறுபதை நெருங்கிய வயதில் ஏலக்காய் பறிக்க இவளே ஜீப்பேறி மலைக்குப் போனாள். பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம்.

ஏலக்காய் செடியின் தூரில் காய்க்கும். சரிவில் நாளெல்லாம் குத்தவைத்துக் குத்தவைத்து எழ வேண்டும். தொடையில் சதை இருந்தால்தான் அந்தச் சோலி. ஒச்சம்மாளின் தொடையோ வருஷத்துக்கு வருஷம் வற்றியது. எஸ்டேட் நர்சம்மா காலை அமுக்கிப் பார்த்தாள்.

"கறி வேண்டாம்னா பயறு, மொச்சை, கொள்ளு நெறையாத் தின்னுங்கம்மா. இந்த வயசுல சதை கரைஞ்சா லேசுல திரும்பாது."

"கொள்ளா? தெனமும் குடிக்கிறேனே!" என்றாள் ஒச்சம்மாள் பெருமையாக.

குடித்தது வாஸ்தவம்தான். சாயங்காலம் கொள்ளு அவிப்பாள். வடித்த தண்ணீரில் உப்பும் பூண்டும் தட்டிப் போட்டு அவள் குடிப்பாள். வெந்த கொள்ளு முழுக்க, மகன் ஆசையாக வளர்த்த காளைக்கு. சத்தெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும், மாட்டுக்குப் போவது சக்கைதான் என்று தெருவே நம்பியது. அந்தச் சக்கையைத் தின்று காளை திமிலும் திமிருமாக நின்றது. கண்ணெதிரே நின்ற சாட்சியைப் பார்க்கத் தெரியவில்லையே, என்ன சொல்ல!

வேலுத்தாய்க்கு மட்டும் பொறுக்கவில்லை. "அத்தே, அதுல ரெண்டு கை நீங்க தின்னா என்ன?"

"மாட்டுத் தீனியவா? போயி வேலயப் பாருடி."

மகன் போய் எட்டாவது வருஷம், ஐப்பசி மழையில், சரிவில் குத்தவைத்தவள் எழ முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேர் வந்து தூக்கிவிட்டார்கள். அப்போதுதான் பயம் பிடித்தது. வீட்டுக்கு வந்ததும், தொட்டியில் கொட்டிய கொள்ளைக் காளையின் மூஞ்சியைத் தள்ளிவிட்டு அள்ளி அள்ளித் தின்றாள். மறுநாளும் தின்றாள், அதற்கு மறுநாளும். வருஷக்கணக்கில் கரைந்தது சில வாரத்தில் வந்துவிடுமா? பாவம், வரும் என்றுதான் நம்பினாள்.

கார்த்திகையில் ஒரு காலை. "ஏறு ஆத்தா, பாப்பம்" என்றான் கங்காணி கன்னையன். ஜீப்புப் படியில் ஒரு காலை வைத்தாள். மறுகால் தரையை விட்டு வரவில்லை. மறுபடியும் முயன்றாள். உள்ளே இருந்த பெண்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

பின்னாலேயே வந்திருந்த வேலுத்தாய், மகளை மாமியாரிடம் விட்டுவிட்டுக் காய்க்கூடையை வாங்கிக்கொண்டு ஏறினாள்.

"எறங்குடி வேலுத்தாயி! எனக்கு ஈரக்கொலை நடுங்குது, எறங்குடி!"

"அடுப்பு எரியணுமே அத்தே" என்றாள் அவள், முகத்தைப் பார்க்காமல்.

ஜீப்பு கிளம்பியது. ஓடிப்போய் மறிக்க நினைத்தாள் ஒச்சம்மாள். பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது.