முப்பத்தொரு தட்டல்

நம்பாதவர்கள் இந்த வரியோடு எழுந்து போய்விடலாம். எனக்கு வருத்தம் இல்லை. இது கட்டிவிட்டது இல்லை, என் வீட்டுக்காரருக்கு நடந்தது. அவருக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது இரண்டும் சிவந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் காதைப் பார்த்துத்தான் நான் குடும்பம் நடத்துகிறேன். இதை வந்து சொன்னபோது காது சிவக்கவில்லை. வெளுத்துப் போயிருந்தது.

பேய் நடுராத்திரியில்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது பட்டப்பகலில் நடந்தது. பிற்பகல் மூன்று மணி ஏழு நிமிடம். ஒரு நாள் இல்லை, தினமும்.

இவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். இவருக்கு ஒரே ஒரு அக்கா. எனக்கு அவர் அண்ணி. அண்ணியின் வீட்டுக்காரர் பெரிய கட்டடங்களில் லிஃப்ட்டைப் பரிசோதித்துக் கையெழுத்துப் போடும் வேலையில் இருந்தார். நேரில் பார்த்தால் அண்ணா என்பேன். முதுகுக்குப் பின்னால் எங்கள் எல்லோருக்கும் அவர் 'டபுள் செக்'தான். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் வந்துவிட்டு, திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருகிற ஆள்.

ஒரு முறை அவருடைய ஃபோன் தொலைந்து, அதிலிருந்த படங்கள் எல்லாம் போய்விட்டன. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையைக் காலி செய்து, அங்கே ஒரு சர்வர் கட்டினார். ஏதோ பெரிய சமாசாரம் என்று நினைக்காதீர்கள். செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கம்ப்யூட்டர். அதற்குள் இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் விழும். ஒன்று செத்தாலும் இன்னொன்று காப்பாற்றும். கரண்ட் போனால் தாங்க ஒரு பேட்டரிப் பெட்டி. திருடன் தூக்கிக்கொண்டு போனாலும் திறக்க முடியாதபடி ஒரு பாஸ்வேர்ட். ஒவ்வொரு தடவை நின்று கிளம்பும்போதும் அதைத் தட்டினால்தான் உள்ளே இருப்பது கிடைக்கும். அதற்கென்றே ஒரு பழைய திரை. ஒரு பழைய கீபோர்ட். அதில் தட்டினால் மாடிக்குக் கேட்கும்.

பதினோரு வருஷத்துப் படங்கள் அதில் இருந்தன. அவர் குரலும் இருந்தது. சுருதி எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமலே தைரியமாகப் பாடி, பதிவு செய்து வைப்பார். பின்னால் அண்ணி சிரிப்பதும் சேர்ந்து விழுந்திருக்கும். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அந்தப் பெட்டியைத்தான் இருவரும் பொத்திப் பொத்தி வளர்த்தார்கள்.

"மூணாவது காப்பி ஒண்ணு எடுத்து வீட்டுக்கு வெளியில வைக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்கு டிஸ்க்கும் வாங்கினார். உறையைப் பிரிக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

பாஸ்வேர்ட் என்னவென்று அவர் எங்கள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அவர் போய் மூன்று வாரம் கழித்து நடந்தது இது. அன்று இவர் அண்ணி வீட்டில் ஒரு குழாயைச் சரி செய்யப் போயிருந்தார். மதியம் இரண்டு பத்துக்குக் கரண்ட் போனது. படிக்குக் கீழே பேட்டரிப் பெட்டி 'பீப்... பீப்...' என்று கத்த ஆரம்பித்தது. எதற்குக் கத்துகிறது என்று இருவருக்கும் புரியவில்லை. இரண்டு நாற்பத்தெட்டுக்குக் கத்தல் நின்றது. இரண்டு ஐம்பத்தேழுக்குக் கரண்ட் வந்தது. திரையில் பாஸ்வேர்ட் கேட்டு ஒரு வரி வந்து நின்றது.

அண்ணி தன் பெயரைத் தட்டினார். தவறு என்றது. கல்யாணத் தேதியைத் தட்டினார். தவறு. மாமியார் பெயர், தெருவின் பெயர், முதல் ஸ்கூட்டரின் நம்பர்... எல்லாம் தவறு. வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டார்.

"போச்சுடா. ரெண்டாவது தடவையும் போயிட்டார்."

இவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். மணியைப் பார்த்தார். மூன்று ஏழு.

டக்.

இருவரும் நிமிர்ந்தார்கள். அறைக் கதவு பாதி திறந்திருந்தது.

டக்... டக்... டக்...

அவசரமில்லாத தட்டல். இடைவெளி மாறாத தட்டல். இவர் எழுந்து போய்க் கதவைத் தள்ளினார். உள்ளே யாரும் இல்லை. திரையில் ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு நட்சத்திரப் புள்ளி விழுந்துகொண்டிருந்தது. வரிசையாக. கடைசியில் என்டர் பட்டன் மட்டும் கனமாக, 'டடக்' என்றது. பெட்டி ஓடத் தொடங்கியது. அண்ணியின் கையிலிருந்த ஃபோன் மினுங்கியது. சர்வரில் இருந்த படங்கள் எல்லாம் அதில் மறுபடி தெரிந்தன.

இவர் இரண்டு அடி பின்னால் வந்துவிட்டாராம். அண்ணி நகரவில்லை. மூன்று வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

இவர் பயந்தாலும் மூளை வேலை செய்கிற ஆள். அன்று மாலையே அந்தப் புது டிஸ்க்கின் உறையைப் பிரித்து, சர்வரில் மாட்டி, எல்லாவற்றையும் பிரதி எடுக்கப் போட்டுவிட்டு வந்தார். மறுநாள் போய்ப் பார்த்தால் நூற்றுக்கு நாலில் நின்றிருந்தது. வயர் பிடுங்கப்பட்டு, டிஸ்க் அலமாரிக்குள் இருந்தது.

"ஏன்க்கா?"

"எல்லாத்தையும் எடுத்துட்டா, அப்புறம் அவர் எதுக்குடா வரணும்?"

இதைக் கேட்டு எனக்கு அண்ணிமேல் கோபம் வந்தது. இப்போது இல்லை. என் வீட்டுக்காரர் அப்படி வருவார் என்றால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

அன்றிலிருந்து தினமும் சரியாக மூன்று மணிக்கு அண்ணி பேட்டரிப் பெட்டியிலிருந்து கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாட்டுவார். தலையை வாரிக்கொண்டு, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, அறைக்குள் ஒரு நாற்காலியில் உட்காருவார். மூன்று ஏழுக்குத் தட்டல் வரும். அதற்குப் பிறகு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்பார். வீட்டுக் கதை, கறிகாய் விலை, என்னைப் பற்றிக்கூட ஏதோ.

நான் நம்பவில்லை. ஒரு நாள் மூன்று ஆறுக்கு இவர் எனக்கு ஃபோன் செய்தார். "பேசாதே. எண்ணு" என்றார். ஃபோனைக் கதவருகே நீட்டியிருக்க வேண்டும். நான் காலண்டரின் பின்பக்கம் பென்சிலால் கோடு போட்டேன். முப்பத்தொரு கோடு. அப்புறம் அந்தக் கனமான ஒன்று. மறுநாளும் முப்பத்தொன்றுதான். எண்ணிய எந்த நாளும் ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

ஓடுகிற மெஷினை இப்படித் தினமும் பிடுங்கினால் அது எத்தனை நாள் தாங்கும்? நாலாவது வாரம் பெட்டிக்குள் 'கிளிக்... கிளிக்...' என்று கேட்டது. ஃபிரிட்ஜில் சாகப்போகிற கம்ப்ரஸர் போடுகிற அதே சத்தம் என்று இவருக்குத் தெரிந்துவிட்டது. திரையிலும் ஒரு வரி வந்திருந்தது. டிஸ்க் நம்பர் ஒன்று பழுது.

இவர் முதல் டிஸ்க்கை உருவி எடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து, பழைய துண்டில் சுற்றிக் கருவி அலமாரியில் போட்டார். வயரில் மாட்டுகிற அந்தப் புது டிஸ்க் பெட்டிக்குள் பொருந்தாது; உள்ளே போடுகிற மாற்று டிஸ்க் வர ஒரு வாரம் ஆகும் என்று கடையில் சொன்னார்கள். "அது வர்ற வரைக்கும் பிளக்குல கை வைக்காதக்கா. உன் கால்ல விழறேன்" என்று கெஞ்சினார். அண்ணி தலையாட்டினார்.

கை வைக்காமல் இருப்பாரா? ஐந்தாம் நாள், திங்கட்கிழமை, இவர் போய்ச் சேர்வதற்குள் பிளக் பிடுங்கி மாட்டப்பட்டிருந்தது. மணி மூன்று நாலு. பெட்டிக்குள் கிளிக் சத்தம் நிற்கவே இல்லை. நீண்ட நேரம் கழித்துத் திரையில் அந்த வரி வந்தது.

மூன்று ஏழு.

டக்... டக்... டக்...

இவர் எண்ணினார். முப்பத்தொன்று. என்டர்.

தவறு.

அண்ணி எழுந்துவிட்டார். "இல்ல... அவர் சரியாத்தான் அடிச்சார். மறுபடி பண்ணுங்க."

டக். டக். டக். டக்.

முப்பத்தொன்று. என்டர். தவறு.

மறுபடியும். தவறு.

மறுபடியும்.

டிஸ்க் உள்ளே செத்துப்போயிருந்தது. இனி எதைத் தட்டினாலும் அது திறக்காது. இவருக்கு அது புரிந்தது. தட்டிக்கொண்டிருந்ததற்கு அது புரியவில்லை. அண்ணி திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "திறயேன்! உள்ள விடேன்!" என்று கதறினார்.

தட்டல் வேகமானது.

இத்தனை நாளில் அது வேகமாகக் கேட்டதே இல்லை. டக்டக்டக்டக்... என்டர். தவறு. டக்டக்டக்டக்... மேஜை ஆடியது. கீபோர்ட் விளிம்பை நோக்கி நகர்ந்தது.

இவர் கீபோர்டின் வயரைப் பிடுங்கினார்.

டக்டக்டக்டக்...

வயர் இவர் கையில் இருந்தது.

திரையில் புள்ளிகள் விழுந்துகொண்டிருந்தன.

மெயினையும் பேட்டரிப் பெட்டியையும் அணைத்தார். மூன்று முப்பத்தொன்று. திரை கறுத்தது. கிளிக் நின்றது.

தட்டல் நிற்கவில்லை.

இருட்டில்... ஒவ்வொன்றாக... இப்போது மெதுவாக...

கதவுக்குப் பக்கத்தில்.

அண்ணியை இடுப்போடு தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார். செருப்புகூடப் போடவில்லை. அன்றிலிருந்து அண்ணி எங்கள் வீட்டில்தான். அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது.

எங்கள் வீட்டில் அண்ணி இருந்தார் என்றுதான் சொல்ல முடியும், வாழ்ந்தார் என்று சொல்ல முடியாது. தட்டில் போட்டதைக் கிளறிவிட்டு எழுந்துவிடுவார். மூன்று மணி ஆனால் வாசலைப் பார்த்து உட்காருவார். "உள்ள வர முடியாம அங்கேயே நிக்கிறார்டா. நான்தான் மெஷினைக் கெடுத்தேன்" என்பார்.  

ஆறு மாதம் போனது. ஒரு நாள் டபுள் செக்கோடு வேலை பார்த்த ஒருவர் விசாரித்துக்கொண்டு வந்தார். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனவர். சாவுச் செய்தியே அப்போதுதான் தெரிந்ததாம். ஒட்டிய உறை ஒன்றைக் கொடுத்தார். "எனக்கு ஏதாவது ஆனா வீட்டுல குடுத்துடுன்னு சொல்லியிருந்தார்" என்றார்.

உள்ளே ஒரு தாளில் பாஸ்வேர்ட் இருந்தது. இருவரும் தனியாக இருக்கும்போது அண்ணியை அவர் கூப்பிடும் செல்லப் பெயர், இங்கிலீஷில் ஆறு எழுத்து. அதோடு ஒட்டிக் கல்யாணத் தேதி, எட்டு எண். அண்ணி அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார்.

செத்த டிஸ்க்தானே, இருந்தாலும் பார்ப்போம் என்று இவர் துண்டில் சுற்றி வைத்ததை எடுத்துக்கொண்டு ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். கடைக்காரர் மாட்டினார். தாளைப் பார்த்துத் தட்டினார். ஒரே தடவையில் திறந்துவிட்டது. அவ்வளவும் இருந்தது. படங்கள், பாட்டு, சிரிப்பு.

"இது நல்ல டிஸ்க்காச்சே சார். யாரு இதைக் கழட்டினது?"

இவர் திரையில் வந்த வரியைச் சொன்னார். கடைக்காரர் உச்சுக் கொட்டினார். அந்த மாதிரி மெஷின்கள் சைபரிலிருந்து எண்ணுமாம். முதல் டிஸ்க்குக்கு சைபர் என்று பேர். 'ஒன்று' என்றால் இரண்டாவது. நல்லதைக் கழற்றிவிட்டு, செத்துக்கொண்டிருந்ததை உள்ளே விட்டிருக்கிறார் இவர்.

தலையில் அடித்துக்கொண்டு எழுந்தவர், வாசலில் சட்டென்று நின்றாராம். ஆறும் எட்டும் பதினாலு.

"தம்பி, இதுக்கு இன்னொரு பாஸ்வேர்ட் இருந்திருக்குமா? முப்பத்தொரு எழுத்துல?"

கடைக்காரர் ஏதோ தட்டிப் பார்த்தார். "ஒண்ணுதான் சார் இருக்கு. இதைத் தவிர எதை அடிச்சாலும் திறக்காது."

"இன்னொரு தடவை பாருங்க."

இன்னொரு தடவை பார்த்தார். ஒன்றுதான்.

சொல்லாமலே இருந்திருக்கலாம். இவர் காது காட்டிக்கொடுத்துவிடும், அதனால் வந்து சொன்னார். அண்ணி தாளை எடுத்து விரல் விட்டு எண்ணினார். பதினாலு. மறுபடியும் எண்ணினார். பதினாலு. முகத்தில் மிச்சமிருந்த ரத்தமும் வடிந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"அப்போ இத்தனை நாள் நான் யார்கிட்டடா பேசினேன்?"

தாளை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"நீ என்னைத் தூக்கிட்டு ஓடிவந்தியே, அதுக்கு முந்தின நாள்... பிளக்கைத் தொடாமதான் உக்காந்து பேசினேன். எனக்கு இங்க யாரும் இல்ல, நீங்க எப்போ கூப்பிட்டாலும் உங்ககூட வந்துடறேன்னு சொன்னேன். வாக்குக் குடுத்தேன்டா."

 இவர்தான் கேட்டார்.

"அதுக்கு?"

அண்ணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்டர் மட்டும் தட்டுச்சு."