குரோய்டனுக்குப் போய்வந்த மணிக்கூடு

செய்தி வந்தபோது நான் ட்ராமில் இருந்தேன். விம்பிள்டனில் ஏறிக் குரோய்டன் பக்கம் வேலைக்குப் போகும் வழி. தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் எனக்கு இன்றும் பயம். விசா கிடைத்துச் சில வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் யாரோ எதையோ கண்டுபிடித்துவிட்டார்கள், என்னைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். அதனால் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. எடுத்தேன். ஆஸ்பத்திரித் தொலைபேசியிலிருந்து தவராசா அண்ணையின் மனைவி ராணி அக்கா பேசினார். "தம்பி, உங்கட அண்ணை போயிட்டார்" என்றார். நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

தவராசா என்றால் உங்களில் சிலர் யோசிப்பீர்கள். கேக் தவம் என்றால் மோர்டனிலும் சட்டனிலும் தெரியாதவர் குறைவு. எனக்கு அவர் தவண்ணை. உங்கள் பிள்ளைகளின் பிறந்தநாளிலோ, மகள் பெரியவளான சாமத்தியவீட்டிலோ அவருடைய கேக்கை வெட்டாமல் இருந்திருக்க மாட்டீர்கள். சுவிஸில் ஒரு ஹோட்டல் குசினியில் பல காலம் வேலை செய்து, அந்நாட்டுக் குடியுரிமையும் எடுத்து, பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக லண்டனுக்கு வந்தவர். மோர்டன் வீட்டின் பின்பக்கத்தில்தான் அவருடைய கேக் குசினி. அதே வீட்டின் மேல் அறையில் நானும் என் மனைவி சுமதியும் வாடகைக்கு இருந்தோம். அந்தியேட்டியில் கொடுக்கும் நினைவு மலருக்கு நானும் ஏதாவது எழுத வேண்டும் என்று ராணி அக்கா கேட்டார். கேக்கைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அவருடைய மணிக்கூட்டைப் பற்றி எழுதுகிறேன்.

அந்த நாட்களில் என் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீடு இழுபட்டுக்கொண்டிருந்தது. குறித்த நாளில் குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போனவர்களில் அநேகம் பேர் வீடு திரும்புவார்கள். சிலரை அங்கேயே மறித்துவைத்து, பிறகு விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். யாருக்கு எந்த முறை அது நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. கையெழுத்துக்கு முதல் நாளே எனக்குச் சோறு இறங்காது.

கையெழுத்து நாளுக்கென்று எங்களிடையே ஓர் ஆயத்தம் இருந்தது, உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். உடுப்புக்கு மேல் உடுப்புப் போட்டுக்கொள்வோம். முக்கியமான தொலைபேசி இலக்கங்களைப் பாடமாக்குவோம். உடம்பில் கொஞ்சம் தங்கம் வைத்துக்கொள்வோம். கொழும்பில் கொண்டுபோய் இறக்கிவிட்டால், அங்கே பிடித்துவைப்பவர்களிடமிருந்து வெளியே எடுத்துவிட இடையில் நிற்கும் ஆட்களுக்குக் கொடுக்க ஏதாவது வேண்டும் என்று பேச்சு. யார் தொடங்கிய பழக்கமோ தெரியாது. அது உண்மையில் யாருக்காவது உதவியதா என்றும் தெரியாது. எல்லோரும் செய்தார்கள், நானும் செய்தேன். சுமதியின் சங்கிலியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு போவேன்.

ஒரு காலை அப்படி இறங்கி வரும்போது தவண்ணை குசினியில் ஒரு கல்யாணக் கேக்குக்கு ஐசிங்கில் ரோசாப்பூ வைத்துக்கொண்டிருந்தார். என் கழுத்தில் சங்கிலி தெரிவதைப் பார்த்தார்.

"உதைக் கழட்டும்" என்றார். "சங்கிலி எண்டா உடன கழட்டிப் பையில போட்டுச் சீல் வைப்பாங்கள். மணிக்கூடு எண்டா கையிலயே விடுவாங்கள். எல்லாரும் கட்டுற சாமான்தானே."

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்தார். கறுப்புத் தோல்பட்டி, பொன்னிறச் சட்டம், பாலாடை நிறத்தில் முகம். இரண்டே முள். சுவிஸில் வதிவிட அனுமதி கிடைத்த வருடம் ஒரு சிறிய ஊர்க் கடையில் வாங்கியதாம். முகத்தில் இருந்த கம்பெனிப் பெயரை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அவரே என் கையில் கட்டிவிட்டார். "குரோய்டனில உள்ளுக்கை போனா நேரம் பாக்காதையும். பயந்து நிக்கிறவன்தான் அடிக்கடி நேரம் பாப்பான்" என்றார்.

அதைக் கட்டும்போது முதலில் குளிரும். கொஞ்சத்தில் உடம்புச் சூட்டை வாங்கிக்கொள்ளும். அவ்வளவு மெல்லியது என்பதால் சட்டைக் கைக்குள் அடங்கிப் போகும், ஒரு பக்கமும் புடைக்காது. காலையில் பெருவிரலால் சாவி கொடுக்க வேண்டும். திருகத் திருக இறுகி, ஓரிடத்தில் 'போதும்' என்று நிற்கும். நொடி முள் இல்லாததால் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. காதருகே கொண்டுபோனால்தான் தெரியும். குரோய்டன் வரிசையில் தலை சொறிவது போலக் கையைத் தூக்கி அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். அது என் நெஞ்சைவிட ஆறுதலாக அடித்துக்கொண்டிருக்கும்.

பயம் குரோய்டனோடு முடியவில்லை. எங்கள் ஆட்களின் வீடுகளில் தங்கம் இருக்கும் என்று கள்ளர்கள் அறிந்துகொண்ட காலம் அது. மோர்டன் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது பின்னால் யாராவது வந்தால் வேர்த்துவிடும். என்னுடைய பொருளாக இருந்தாலும் பரவாயில்லை, இது இன்னொருவருடையது. கோடை வெயிலிலும் முழுக்கைச் சட்டையோடு திரிந்தேன். "குரோய்டனில உங்களுக்கு விசா தராட்டிலும் ஒரு விசிறி தரலாம்" என்று சுமதி கேலி செய்வாள். குரோய்டனிலிருந்து திரும்பி வந்து பின்கதவைத் திறந்தால் தவண்ணை ஐசிங் பையோடு நிற்பார். நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "வந்திட்டீரோ? தேத்தண்ணி இருக்கு, குடியும்" என்பார், நான் என்னவோ பால் வாங்கக் கடைக்குப் போய்வந்தது போல. என்ன நெஞ்சுரம் இந்த மனிதனுக்கு என்று நினைப்பேன். எனக்குப் பொறாமையாகவும் இருக்கும்.

ஒரு சனிக்கிழமை சுமதியின் தோட்டுக்குச் சுரை போட டூட்டிங்கில் ஒரு நகைக்கடைக்குப் போனோம். முந்தின நாள் கையெழுத்துக்குக் கட்டிய கடிகாரம் திருப்பிக் கொடுக்காமல் அன்றும் என் கையில்தான் இருந்தது. கடைக்காரர் தமிழ்நாட்டுக்காரர். சும்மா இருக்காமல், "இது எப்படிப்பட்ட தங்கம்?" என்று கையை நீட்டினேன்.

உரைத்துப் பார்க்காமலே சிரித்தார். "இது தங்கம் இல்ல சார், முலாம். நம்ம கலர் வரல பாருங்க. கம்பெனி பேரும் நான் கேள்விப்பட்டதில்ல" என்றார்.

சுமதியும் தன் காப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். காப்பு மஞ்சளாக மின்னியது. கடிகாரம் வெளிறிக் கிடந்தது. இத்தனை நாளும் உயிரைக் காப்பாற்றும் என்று கட்டிக்கொண்டு போனது முலாம் பூசிய சாமானா என்று வழியெல்லாம் சுமதியிடம் கேட்டுக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் தவண்ணையிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கடிகாரத்தைத் திருப்பிப் பிடித்து, பின்பக்கத்தில் இருந்த பொடி முத்திரையைக் காட்டினார்.

"பதினெட்டுக் கரட், சுத்தச் சாமான். எங்கட ஆக்களுக்கு இருபத்திரண்டுக்குக் கீழ எல்லாம் பித்தளை" என்றார்.

"அப்ப கொழும்பில நிக்கிறவனும் எங்கட ஆள் மாதிரித்தானே பாப்பான், அண்ணை? அவனுக்கும் இது பித்தளைதானே?" என்று கேட்டேன்.

அவர் கடிகாரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். அந்த யோசனை அதுவரை அவருக்கு வந்ததே இல்லை என்று முகத்தில் தெரிந்தது. அதன் பிறகு நான் இன்னும் பயந்தேன். ஆனாலும் கட்டிக்கொண்டுதான் போனேன், வேறு வழி தெரியவில்லை.

பிறகு அந்த நாள் வந்தது. கவுண்டரில் இருந்த பெண் என் பெயரைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் இருங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். இருவர் வந்து என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போனார்கள். பெல்ட், சப்பாத்து நாடா, தொலைபேசி எல்லாம் வாங்கினார்கள். கடைசியில் ஒருவர் என் கையைக் காட்டினார். கழற்றிக் கொடுத்தேன். "மஞ்சள் நிற உலோகக் கடிகாரம் ஒன்று" என்று சொல்லிக்கொண்டே பைக்குள் போட்டுச் சீல் வைத்தார். தங்கம் என்று அவரும் சொல்லவில்லை. மணிக்கூட்டைக் கையிலேயே விடுவார்கள் என்று தவண்ணை சொன்னதும் பிழை என்று அப்போது தெரிந்தது. பட்டி இருந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது. அந்த இடத்தை மற்றக் கையால் பொத்திக்கொண்டு இருந்தேன். கொழும்பில் நின்று யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தேன். பாடமாக்கிய இலக்கம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது அதற்கு முன் இல்லை.

ஆனால் என்னை அனுப்பவில்லை. என் வக்கீல் அனுப்பிய ஏதோ ஒன்று அங்கே வந்து சேர்ந்ததாம். மாலையில் பையைக் கொடுத்து வெளியே விட்டார்கள். தவண்ணை கேக் வேனில் வந்து ஏற்றினார். பையைப் பார்த்தார்.

"மணிக்கூட்டையும் கழட்டினவங்களோ?"

"ஓம் அண்ணை."

மோர்டன் வீட்டு வாசலில் வேனை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே, "அப்ப நான் சொன்னது எல்லாம் பிழை" என்றார். அடுத்த கையெழுத்து நாள் காலையில் நான் வெறுங்கையோடு கீழே இறங்கினேன். அவர் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து வைத்துக்கொண்டு நின்றார்.

"இனி இது எதுக்கு, அண்ணை?"

"எதுக்கும் இல்லை. வெறுங்கையோட போகாதையும்" என்றார். நான் கையை நீட்டினேன், கட்டிவிட்டார்.

விசா வந்த அன்று கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. "வைச்சிரும். ஆனா ஒண்டு. கையெழுத்துக்குப் போறவன் வந்து கேட்டா இல்லையெண்டு சொல்லாதையும்" என்றார். அன்றிலிருந்து அது என்னுடையது. ஆனாலும் சொந்தக்காரனாக ஒரு நாள்கூட அதைக் கட்டியதாக ஞாபகம் இல்லை. கல்யாண வீடுகளில் யாராவது "வடிவான மணிக்கூடு, முலாமோ?" என்று கேட்பார்கள். "ஓம், முலாம்தான்" என்று சொல்லிவிடுவேன். கள்ளர் காதில் விழுந்தாலும் நல்லது.

தவண்ணையின் செத்தவீட்டுக்கு அதைக் கட்டிக்கொண்டு போனேன். தகனம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, ராணி அக்கா என் கையைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நீங்கள் கையெழுத்துக்கு வெளிக்கிட்டாப் பிறகு அவர் கேக்கில கை வைக்கிறதில்லை, தம்பி. பூ ஒண்டும் சரிவராது. குசினிக்கும் வாசலுக்கும் நடப்பார். வெறுங்கையைத் திருப்பித் திருப்பிப் பாப்பார். பிறகு வந்து 'ராணி, நேரம் என்ன' எண்டு கேப்பார். சுவரில பெரிய மணிக்கூடு கிடக்கு. அதைப் பாக்கமாட்டார், பயம். என்னட்டத்தான் கேப்பார்."

"நான் வரேக்குள்ள ஐசிங் வைச்சுக்கொண்டுதானே அக்கா நிக்கிறவர்?"

"பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டாப் பிறகுதான் அந்தப் பையைத் தூக்குவார்" என்றார் ராணி அக்கா. "பையில ஐசிங்கும் இருக்காது."

நான் வெளியே போய் அவருடைய வேனுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். சுவிஸில் அவரும் கையெழுத்துப் போட்டுத் திரிந்தவர். அந்தப் பயம் குடியுரிமை வந்தும் அவரை விடவில்லை. அதோடுதான் எனக்காகவும் பயந்திருக்கிறார்.

இப்போது அந்த மேல் அறையில் யோகநாதன் என்பவரும் அவருடைய மனைவியும் இருக்கிறார்கள். நேற்று அவர் எங்கள் வீட்டுக்கு வந்து கதிரை நுனியில் உட்கார்ந்தார். "அண்ணை, நாளைக்குக் குரோய்டன். மணிக்கூட்டை உங்களிட்டக் கேக்கச் சொல்லி ராணி அக்கா சொன்னவ" என்றார். அதைக் கழற்றி அவர் கையில் கட்டிவிட்டேன். இதனால் ஒரு பயனும் இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். "உள்ளுக்கை நேரம் பாக்காதையும்" என்றுதான் வாயில் வந்தது.

தவண்ணையிடமிருந்து எனக்கு மிச்சம் என்ன என்று எழுதி இதை முடிக்க வேண்டும். மணிக்கூடு இன்று யோகநாதனோடு குரோய்டனுக்குப் போய்விட்டது. அவருடைய பயம் என்னிடம் இருக்கிறது. யோகநாதன் இந்நேரம் வெளியே வந்து அழைத்திருக்க வேண்டும், இன்னும் அழைக்கவில்லை. சுமதியிடம் நேரம் கேட்டேன், சொன்னாள். இந்த வரியை எழுதிவிட்டு மறுபடியும் கேட்டேன்.