வற்றிய பாலும் வந்து குவிந்த யோசனைகளும்

தாய்ப்பால் ஆலோசகர் உத்தியோகத்தில் ஒரு சங்கடம் உண்டு: நான் வாயைத் திறப்பதற்குள் சொந்தக்காரர்கள், எதிர்வீட்டார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த அம்மாள் என்று எல்லோரும் ஆலோசனையைச் சொல்லி முடித்திருப்பார்கள். விருத்தாசலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில், பிரசவ வார்டை ஒட்டிய சின்ன அறையில் பல வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் கைக்குழந்தையை வைத்திருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் பட்டிருப்பீர்கள். வந்த குடும்பங்களில் ஒன்றைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன். மற்றவர்களும் ஏறக்குறைய இப்படித்தான்.

வெலிங்டன் ஏரி

ஸ்டெல்லா வந்தபோது மடியில் குழந்தை இல்லை. குழந்தை அவளுடைய நாத்தனார் மேரியின் தோளில் இருந்தது. பின்னால் கணவன் ஆரோக்கியம், கையில் ஃபிளாஸ்க், பால் பவுடர் டப்பா, பாட்டில் எல்லாம் அடங்கிய கூடை. பிரசவமாகிச் சில வாரங்களில் ஸ்டெல்லாவுக்குக் கடுமையான காய்ச்சல் வந்து பாண்டிச்சேரியில் சேர்த்திருக்கிறார்கள். குழந்தையைத் திட்டக்குடியில் வாழ்க்கைப்பட்டிருந்த மேரி வந்து பார்த்துக்கொண்டாள். தாய் பிழைத்து வீடு திரும்பியபோது பால் வற்றிவிட்டது. பவுடர் பால் பையனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றுப்போக்கு நிற்பதும் வருவதுமாக இருக்க, எடை ஏறவே இல்லை. அதற்குமேல் ஒரு வேதனை: பெற்றவள் தூக்கினால் அழுதான், அத்தை தூக்கினால் அடங்கினான்.

குழந்தை டாக்டர் என்னிடம் அனுப்பியிருந்தார். நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். வற்றின பால் திரும்ப வரும். குழந்தை சப்பச் சப்ப உடம்பு மறுபடி சுரக்கத் தொடங்கும். சிலருக்குச் சில நாளில் வரும், சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும், சிலருக்கு முழுசாக வராமலும் போகும். ஸ்டெல்லா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேரி பார்க்கவில்லை. குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "எங்க ஊருப் பக்கம் வெலிங்டன் ஏரியே வத்திக் கெடக்குது சிஸ்டர். அத மொதல்ல ரொப்பிக் காட்டுங்க, அப்புறம் இவள நம்பறேன்."

ஆஸ்பத்திரி வாசலில் வாங்கிய பூ

பால் எப்படி இவ்வளவு சீக்கிரம் நின்றது என்று கேட்டேன். மூன்று பேரும் சுவரைப் பார்த்தார்கள். கடைசியில் ஸ்டெல்லாதான் சொன்னாள். காய்ச்சல் வார்டில் படுத்திருக்கும்போது குடிக்கக் குழந்தை இல்லாமல் மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. தொட்டால் உயிர் போகிற வலி. பீய்ச்சி எடுத்துவிட வேண்டும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை, அவர்களுக்கு அவள் காய்ச்சலே பெரிய பாடாக இருந்தது. பார்க்கப் போன மேரி ஆஸ்பத்திரி வாசலில் மல்லிகைப் பூ வாங்கி வந்து மார்பில் வைத்துக் கட்டிவிட்டாள். பால்குடி மறக்கச் செய்ய நம் பக்கத்தில் காலங்காலமாகச் செய்கிற வைத்தியம்தான். பூ எவ்வளவு வேலை செய்தது, குழந்தை சப்பாதது எவ்வளவு வேலை செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. வலியும் நின்றது, பாலும் நின்றது.

"தலையில வைக்க வேண்டியத மாருல வெச்சா இப்படித்தான்" என்று ஆரோக்கியம் முனகினான். அக்காள் திரும்பிய வேகத்தில் அவன் கூடையோடு ஓர் அடி பின்னால் போனான். "நீ பாண்டிச்சேரில டீக்கடையில நின்னுட்டு இருந்தடா. இவ பல்லக் கடிச்சிக்கிட்டு அழுதத நான்தான் பாத்தேன். நான் வலிய நிறுத்தத்தான் கட்டுனேன், பால நிறுத்தக் கட்டல."

சாம்பிள்

முதல் நாள் பையனை ஸ்டெல்லாவின் மார்பருகே கொண்டுபோனோம். ஏதோ கசப்பு மருந்தைக் காட்டியதுபோல முதுகை வில்லாக வளைத்துக் கத்தினான். பாட்டிலின் ரப்பர் காம்பைச் சப்பிப் பழகிய குழந்தைக்கு இது வேறு சங்கதி. அதோடு உள்ளே எதுவும் இல்லை என்பதும் அவனுக்குத் தெரியும். பாட்டிலை நிறுத்தி, பாலாடைச் சங்கில் மட்டும் பாலைப் புகட்டச் சொன்னேன். சட்டை இல்லாத குழந்தையைத் தாயின் வெறும் மார்பில் போட்டு, மேலே ஒரு துணியைப் போர்த்தி வைத்தோம். குடிக்க வேண்டாம், சும்மா கிடக்கட்டும். அந்த ஏற்பாடு அவனுக்குப் பிடித்தது. தூங்கிவிட்டான். ஸ்டெல்லா அசையாமல் உட்கார்ந்திருந்தாள், அசைந்தால் யாராவது வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல.

அவன் விழித்ததும் அடுத்த வேலை. அவன் வாய் வைக்கும் இடத்தில் மேலிருந்து சொட்டுச் சொட்டாகப் பால் விட வேண்டும். நக்குவான், நக்கிக்கொண்டே கவ்வுவான். என்னோடு வேலை செய்யும் மங்கலம்பேட்டை பரீதா சிஸ்டர் பாலாடையைப் பிடித்திருந்தார். மேரிக்குச் சந்தேகம் தாங்கவில்லை. "பால மேல ஊத்தி வீணாக்கறீங்களே, இதெல்லாம் இன்னா வைத்தியம்?" என்றாள். பரீதா நிமிராமலே பதில் சொன்னார்: "புதுசா தொறந்த பிரியாணிக் கடையில வாசல்ல நின்னு சாம்பிள் குடுப்பாங்கல்ல, அதாம்மா இது. ருசி புடிச்சா உள்ள வருவாரு."

ஆரோக்கியம் போட்ட ஸ்டாண்டு

சாம்பிள் ருசி பிடித்துப் பையன் உள்ளே வந்தார். இனி குழாய். குடிக்க முடியாத குழந்தைகளுக்கு மூக்கு வழியாகப் பால் செலுத்துகிற மெல்லிய குழாய்தான். ஒரு நுனி கரைத்த பவுடர் பால் இருக்கும் கப்பில். மறு நுனியைப் பிளாஸ்திரி போட்டு மார்புக் காம்போடு ஒட்டிவிடுவோம். குழந்தை சப்பினால் குழாய் வழியாகப் பால் வரும். தாயிடம் குடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு உழைப்பான். அந்த உழைப்பில்தான் தாயின் உடம்பு விழித்துக்கொள்ள வேண்டும். செய்து காட்டி, வீட்டிலும் செய்யுங்கள் என்று அனுப்பினேன்.

இரண்டொரு நாளில் ஆரோக்கியம் தனியாகச் சிரித்த முகத்தோடு வந்தான். அவனுக்குச் செராமிக் கம்பெனியில் வேலை. கரைத்த மண்ணை உயரத்துத் தொட்டியிலிருந்து ரப்பர் குழாயில் இறக்கி அச்சுகளை நிரப்புகிறவன். வீட்டிலும் கட்டில் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு ஸ்டாண்டு அடித்து, கப்பை அதன் உச்சியில் வைத்திருக்கிறான். பால் தானாக இறங்குகிறது. வாயைத் திறந்து வைத்திருந்தால் போதும், பையன் நிமிஷத்தில் முடித்துவிடுகிறானாம். "ஒரு சொட்டு சிந்தல சிஸ்டர்" என்றான்.

பாராட்டு எதிர்பார்த்தவனை உட்கார வைத்து விளக்க வேண்டியதாயிற்று. கப்பு மார்புக்கு மேலே போகக் கூடாது. பையன் சிரமப்பட்டு இழுக்க வேண்டும். ஊற்றி நிரப்பினால் பையன் வயிறு நிறையும், தாய்க்கு ஒரு சொட்டும் ஊறாது. ஸ்டாண்டுக்கு வார்னிஷ் வேறு அடித்திருந்தானாம். "அப்ப அவன் வேல செய்யணும், நான் வேல செய்யக் கூடாதுங்கறீங்க. சரி, இத என் பொண்டாட்டி கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றா."

பூண்டு

குழாய் ஒரு பக்கம் நடக்க, ஊர் இன்னொரு பக்கம் நடந்தது. செராமிக் கம்பெனிப் பக்கத்தில் அவர்கள் குடியிருந்த தெருவில் செய்தி பரவி, ஆளுக்கொரு பாத்திரம் வந்து சேர்ந்தது. சுறாப்புட்டு, முருங்கைக்கீரைப் பொரியல், வெந்தயக் கஞ்சி, எல்லாவற்றிலும் பூண்டு. ஸ்டெல்லாவுக்குப் பசித்துச் சாப்பிட வேண்டியதுதான், நன்றாகச் சாப்பிடட்டும். ஆனால் கஞ்சி கொண்டுவந்தவர்கள் அது உள்ளே போகிறதா என்று உட்கார்ந்து பார்த்தார்கள். அவர்கள் போகும்வரை பையனை மார்பில் போட முடியவில்லை. ஒருவர் போனால் இன்னொருவர். பாலுக்கென்று வந்த சாப்பாடே பால் கொடுக்கிற நேரத்தை எல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்த ஆரோக்கியத்தைப் போட்டோம். ஸ்டாண்டு போனதிலிருந்து அவனும் ஒரு வேலைக்கு ஏங்கிக்கொண்டிருந்தான். அடுத்த தடவை வந்த ஸ்டெல்லா என்னிடம் ரகசியமாகக் கேட்டாள்: "சிஸ்டர், புள்ள என்னைப் பாத்து மொகத்தத் திருப்பறது பழைய கோவமா, இல்ல இந்தப் பூண்டு நாத்தமா?"

வராந்தாவில் ஒரு பாட்டில்

பல நாள் ஆகியும் முன்னேற்றம் தெரியவில்லை. அழுத்திப் பார்த்தால் ஈரம் கசிந்தது, அவ்வளவுதான். பையன் மார்பில் வைத்ததும் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் தூங்கினான். பசியுள்ள குழந்தை இப்படித் தூங்காது. அன்று அவர்கள் முறை வருவதற்கு முன் தண்ணீர் பிடிக்க வெளியே போனேன். வராந்தாவின் கோடியில், தூணுக்கு அந்தப் பக்கம், மேரி பையனுக்குப் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தாள். கூடையில் இல்லாத பாட்டில் முந்தானையில் இருந்திருக்கிறது.

இந்த வேலையில் கோபப்படக் கூடாது. நான் பட்டேன். அங்கே ஒருத்தி நாளெல்லாம் மார்பைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள், நீங்கள் இங்கே வயிற்றை நிரப்பி அனுப்புகிறீர்களே என்றேன். மேரி மறைக்கவும் இல்லை, பாட்டிலை எடுக்கவும் இல்லை. பையன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்: "அவ ஆஸ்பத்திரில கெடந்தப்ப இவன் கத்துன கத்து எனக்குத்தான் தெரியும். பசியில அழுவுற புள்ளயப் பாத்துக்கிட்டு நிக்க நான் ஒங்கள மாதிரி நர்ஸுக்குப் படிக்கல சிஸ்டர்."

கை வலி

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கத்துகிற அளவுக்குப் பசிக்க விட்டால் எந்தக் குழந்தையும் மார்பில் பொறுமையாக உழைக்காது. முறையை மாற்றினேன். முதலில் பாலாடையில் கொஞ்சம் கொடுத்துப் பசியின் முனையை மழுக்குவது, பிறகு மார்பில் குழாயோடு போடுவது. கப்பைப் பிடிக்கிற வேலை மேரிக்கு. அவன் இழுத்தால் கப்பு அதே மட்டத்தில் இருக்கும், சோம்பினால் ஓர் அங்குலம் கீழே இறங்கும், சிணுங்கினால் மேலே ஏறும். பையன் பசியோடு இருக்கிறானா இல்லையா என்பது மேரியின் கையில். பாட்டிலை அவளே கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்துவிட்டாள். பசி தெரிந்த கை அது. ஏற்ற இறக்கம் என்னைவிட நன்றாக வந்தது, ஆனால் கை வலிக்கிறது என்கிற புலம்பல் மட்டும் ஓயவில்லை.

அப்படி ஒரு முற்பகல். நான் வேறொரு தாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேரி கூப்பிட்டாள். "சிஸ்டர், குழாய் அடச்சிக்கிச்சி. எம்மா நேரமா புடிச்சிருக்கேன், கப்பு அப்படியே இருக்குது." போய்ப் பார்த்தேன். குழாய் அடைக்கவில்லை. பிளாஸ்திரி விட்டுப்போய் அதன் நுனி பையனின் தாடைக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருந்தது. அவனோ கண்ணை மூடிக்கொண்டு இழுத்து, நிறுத்தி, விழுங்கி, மறுபடி இழுத்துக்கொண்டிருந்தான். விழுங்குகிற சத்தம் எனக்கே கேட்டது. வாயோரத்தில் வெள்ளையாக ஒரு கோடு வழிந்தது. ஸ்டெல்லாவின் இன்னொரு பக்கத்து ரவிக்கை நனைந்திருந்தது. ஸ்டெல்லாவுக்கு எங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். குனிந்த தலையை நிமிர்த்தாமல், குழந்தை கலைந்துவிடாத குரலில் சொன்னாள்: "அண்ணி, கப்பக் கீழ வைங்க. கை வலிக்கும்."

திட்டக்குடி பஸ்

அதோடு எல்லாம் சுபம் என்று எழுத எனக்கும் ஆசைதான். முழுப் பால் வரவில்லை. பவுடர் பால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, நாளில் ஒரு வேளை பாலாடையில் கொடுப்பதோடு நின்றது. பையனின் வயிற்றுப்போக்கும் நின்றது. தராசில் முள் அசையத் தொடங்கியதும் குழந்தை டாக்டர், இனிமேல் தடுப்பூசிக்கு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். மேரியின் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் திட்டக்குடியிலிருந்து தினம் போன் செய்துகொண்டிருந்தார்கள். ஓட்டல் சாப்பாடு அலுத்துப்போயிற்றாம்.

ஊருக்குப் புறப்படுகிற அன்று மேரி பையோடு என் அறைக்கு வந்தாள். போயிட்டு வரேன் என்று சொல்லத்தான் வந்தாளாம், ஆனால் உட்கார்ந்துவிட்டாள். காலையில் பையன் அழுதிருக்கிறான். பழக்கத்தில் இவள்தான் தூக்கியிருக்கிறாள். தோளில் போட்டுத் தட்டியிருக்கிறாள், வாசல்வரை போய்க் கோழியைக் காட்டியிருக்கிறாள். அவன் அடங்கவில்லை. உள்ளே ஸ்டெல்லாவின் குரல் கேட்டதும் கழுத்தைத் திருப்பி அந்தப் பக்கமே பார்த்திருக்கிறான். கொண்டுபோய்க் கொடுத்ததும் நின்றுவிட்டது. இதைச் சொல்லும்போது மேரி பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள். "நான் கெளம்பறேன்னு கிட்ட போயிச் சொன்னேன் சிஸ்டர், வாயில இருந்தத விட்டுட்டு ஒரு தரம் திரும்பிப் பாக்கல. குடிக்கட்டும், ராஸ்கலு."

இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: தாய்க்குப் பால் வரக் குழந்தை ஓயாமல் வேலை செய்ய வேண்டும், குழந்தை வேலை செய்ய நாமெல்லாம் ஓய்வெடுக்க வேண்டும், இதில் இரண்டாவதுதான் கஷ்டம்.