அண்ணன் பக்கத்துக்கும் தம்பி பக்கத்துக்கும் ஓடிய வண்டி

துண்டு

முதல் நாளே என் முகத்தில் துண்டைப் போட்டார்கள்.

நான் உட்கார்ந்திருந்தது வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸைத் தாண்டி ஒரு மாடியில். தலையில் ஹெட்செட், கையில் ஜாய்ஸ்டிக். நான் ஓட்டிய ரோபோ அடி அண்ணாமலையில் ஒரு வீட்டுக்குள் உருண்டுகொண்டிருந்தது. நெஞ்சு உயரம், கீழே சக்கரம், முன்னால் பொருள் வைக்க ஒரு தட்டு, ஒரே ஒரு கை. தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு டேப்லெட். அதில் என் முகம் தெரியும். ரோபோ என்ற சொல்லெல்லாம் கம்பெனி விளம்பரத்தில்தான். எங்களுக்கு அது வண்டி. ஓட்டுகிற நாங்கள் பைலட்.

அதற்கு முன்னால் பல வருஷம் ஒரு கஸ்டமர் கேரில் போனில் திட்டு வாங்கியவள் நான். அந்த அனுபவம் போதும் என்று வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு மாத்திரையை ஞாபகப்படுத்த வேண்டும், தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்க வேண்டும், கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், யாராவது விழுந்துவிட்டால் ஆள் கூப்பிட வேண்டும். ஆளைத் தூக்கவெல்லாம் முடியாது. வண்டியின் கை ஒரு பாட்டிலைத் தூக்குவதற்கே முக்கும்.

அந்த வீட்டுக்காரர் முனுசாமி ஐயா. வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு வாக்கர் பிடித்து நடப்பவர். நான் வண்டியை உள்ளே விட்டு, "வணக்கம் ஐயா, நான் கலாவதி பேசறேன்" என்றேன். அவர் வெற்றுடம்போடு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறிப்போய், தோளில் கிடந்த துண்டை எடுத்து டேப்லெட் மேல் போட்டார்.

"இரும்மா, சட்ட போட்டுக்கினு வரேன்."

துண்டுக்குள்ளேயே காத்திருந்தேன். எங்கள் ஆபீஸில் எல்லோருடைய ஸ்கிரீனிலும் வீடு தெரிந்தது. என் ஸ்கிரீனில் மட்டும் பச்சைக் கட்டம். பின்னால் வந்து நின்ற மேனேஜர் தினகரன், "கேமரா போச்சா மேடம்?" என்று கேட்டார்.

"இல்ல சார், மரியாத குடுக்கறாரு" என்றேன்.

தபால் வேலை

ஒரு வாரம் போன பிறகுதான் அந்த வீட்டின் சங்கதி புரிந்தது. வீடு ஒன்று, குடித்தனம் இரண்டு. நடுவில் ஒரு கூடம். கிழக்கே அண்ணன் முனுசாமி, மேற்கே தம்பி ஏழுமலை. தம்பி பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சுகருக்கு ஊசி போட்டுக்கொள்பவர். இரண்டு பேருக்கும் மனைவி இல்லை. அண்ணன் மகன் கோயம்புத்தூரில், தம்பி மகள் பெங்களூரில். பிள்ளைகள் இருவரும் பேசி, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வண்டியாக வைத்திருந்தார்கள். பெரியவர்கள் இருவருக்கும்தான் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் கேட்டால் அண்ணன் "அவனக் கேளு" என்பார். தம்பி "அவரக் கேளு" என்பார்.

தம்பி பக்கத்து நிலைப்படி உயரம். சக்கரம் ஏறுவதற்காக எங்கள் டெக்னீஷியன் ஒரு பலகையைச் சரிவாகப் போட்டிருந்தான். அண்ணனுக்கு அதில் ஒரு குறை.

"அவன் பக்கம் சரிவு ஜாஸ்தி. வண்டி தானா அங்க ஓடுது. எனக்குக் கம்மியாதான் வருது."

அந்தப் பக்கம் போனால் தம்பி ஆரம்பிப்பார்.

"இவ்ளோ நேரம் அவருகிட்ட இன்னா பேச்சு?"

பிறகு என்னைத் தபால்காரி ஆக்கினார்கள். அண்ணன் சொல்வார்: "மோட்டார ஆஃப் பண்ணச் சொல்லும்மா. தொட்டி ரொம்பி வழியுது." வண்டியைத் திருப்பி, கூடம் தாண்டி, பலகையில் ஏற்றித் தம்பியிடம் சொன்னால், "போட்டது நானில்ல, அவருதான்னு சொல்லு" என்பார். திரும்பி வந்து சொல்வதற்குள் தண்ணீர் கூடத்துக்கே வந்துவிடும். இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும். இவர் சொல்வது அவருக்கும், அவர் சொல்வது இவருக்கும் அப்படியே விழும். இருந்தாலும் நான் போய்ச் சொன்ன பிறகுதான் அது சொன்னதாகக் கணக்கு.

ஒருமுறை திட்டை வடிகட்டிவிட்டுச் சொல்லிப் பார்த்தேன். அண்ணன், "டிவி சத்தத்தக் கொறைக்கச் சொல்லு அந்தச் செவுடன" என்றார். நான் போய், "ஐயா, சவுண்டு கொஞ்சம் கம்மி பண்ணிக்கிறீங்களா?" என்றேன். கூடத்துக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது: "செவுடன்னு சொன்னேனே, அத ஏம்மா விட்டுட்ட?"

வண்டியின் பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்று தினகரன் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"மேடம், நம்ம வேல மாத்திர, தண்ணி, சேஃப்டி. பஞ்சாயத்து நம்ம பேக்கேஜ்லயே இல்ல."

"நான் பேக்கேஜ் பாத்துப் பேசலாம் சார். அவங்க பேசறதுக்கு வேற வழி இல்லையே."

விழுப்புரம்

பௌர்ணமி வந்தாலே எங்கள் ஆபீஸில் அடி அண்ணாமலை வண்டியை யாரும் ஓட்ட முன்வரமாட்டார்கள். கிரிவலப் பாதையில் அத்தனை ஜனமும் போனைக் கையில் வைத்திருக்கும். நெட் இழுத்துக்கொள்ளும். ஜாய்ஸ்டிக்கை இங்கே திருப்பினால் சாவகாசமாகத்தான் அங்கே வண்டி திரும்பும். படம் உறைந்து உறைந்து வரும்.

அப்படி ஒரு பௌர்ணமி சாயங்காலம், தம்பி பக்கம் போயிருந்தேன். சாப்பாட்டுத் தட்டு மூடியபடியே இருந்தது. ஊசியைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் எழுந்து போயிருக்கிறார். பாத்ரூம் பக்கம் பக்கெட் உருளும் சத்தம். வண்டியைக் கதவு வரை கொண்டுபோனேன். ஏழுமலை ஐயா சுவரில் சாய்ந்தபடி தரையில் கிடந்தார். உடம்பெல்லாம் வேர்வை. "ஐயா, அடி பட்டுச்சா?" என்றேன். "டிக்கெட் எடுத்தாச்சா?" என்று குழறலாகக் கேட்டார். சுகர் இறங்கிவிட்டது என்று தெரிந்தது. உடனே வாயில் சர்க்கரை போக வேண்டும்.

பாத்ரூம் படியில் சக்கரம் ஏறாது. தம்பி வீட்டில் சர்க்கரையே கிடையாது. தினகரன் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். கூட்டத்தைக் கடந்து அது வர நேரமாகும். அக்கம்பக்கத்தவர்கள் எல்லோரும் ரோட்டோரம் கடை போட்டிருந்தார்கள். வீட்டில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள், அண்ணன்.

வண்டியைத் திருப்பிக் கூடத்துக்கு வந்து கத்தினேன். "பெரியய்யா! சின்னய்யா விழுந்துட்டாரு!"

நெட் வார்த்தையை நடுவில் வெட்டியிருக்கிறது. முனுசாமி ஐயா நிமிர்ந்து, "விழுப்புரமா?" என்றார்.

"இல்லய்யா, விழு... விழு..."

"பௌர்ணமியன்னிக்கு விழுப்புரத்துக்கு எதுக்குப் போறான்? பஸ்ஸுல நிக்கக்கூட எடம் இருக்காது. போவட்டும், எனக்கு இன்னா?"

மறுபடி டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். பக்கத்து சீட்டுப் பையன் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். எனக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. படத்தை நிறுத்தினால் இருக்கிற நெட் முழுக்கக் குரலுக்குக் கிடைக்கும். வீடியோவை ஆஃப் பண்ணினேன். என் ஸ்கிரீன் இருண்டது. அங்கே என் முகமும் மறைந்திருக்கும். "பெரியய்யா, உங்க தம்பி பாத்ரூம்ல விழுந்து கெடக்கறாரு. சக்கர வேணும். நீங்க வந்தாத்தான் உண்டு" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

டிவி நின்றது. பிறகு வாக்கர் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. வண்டித் தட்டில் டப்பாவை வைக்கும் ஓசை.

"என்னால கையில எடுத்துக்கினு நடக்க முடியாது. நீ எடுத்துக்கினு முன்னால போ."

"ஐயா, எனக்கு இப்ப கண்ணு தெரியல. வழி சொல்லுங்க."

அவர் வழி சொன்னார். நேரா. கொஞ்சம் லெஃப்டு. கதவு வருது, மெல்ல. டப்பாவோடு நான் முன்னால், வாக்கரோடு அவர் பின்னால். பலகை வந்ததும் நின்றார். மூச்சு வாங்குவது கேட்டது.

"சரிவு ஜாஸ்தின்னு அப்பவே சொன்னேன். எவன் கேட்டான்?" என்றபடி ஏறினார்.

அடுத்து நான் கேட்டது, "வாயத் தொறடா" என்பதுதான். பல வருஷத்துக்குப் பிறகு தம்பியிடம் அவர் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

ஸ்பூன் டப்பாவில் மோதும் சத்தம் திரும்பத் திரும்ப வந்தது. ஆபீஸில் எல்லோரும் என் சீட்டைச் சுற்றி நின்றார்கள். ரொம்ப நேரம் கழித்துத் தம்பியின் குரல் கேட்டது.

"இன்னா இது, சக்கரயா? டாக்டரு தொடவே கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"சாவக் கூடாதுன்னு சொல்லலயா அவரு? முழுங்கு."

"நீ எதுக்கு வந்த?"

"அன்னிக்கு என்ன விட்டுட்டு நீ பஸ்ஸ எடுத்துக்கினு போன மாதிரி நானும் போயிருக்கணும். புத்தி கெட்டு வந்தேன்."

"டீ குடிக்க எறங்கினா குடிச்சிட்டு வரணும். அவலூர்பேட்டைல ஹாரன் மேல ஹாரன் அடிச்சேன். நீ ரெண்டாவது டீ சொல்லிக்கினு நிக்கற. எனக்கு டைமிங் இல்ல?"

"கூடப் பொறந்தவன்டா நானு! பொண்ணு பாக்கப் போன எடத்துல வேட்டி வெச்ச பை ஒரு பஸ்ஸுல, நான் ஒரு பஸ்ஸுல போயி எறங்கினேன்!"

இத்தனை வருஷம் இரண்டு பேரும் சொல்லாத காரணம் இதுதான். தினகரன் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். தம்பி சுவரில் சாய்ந்திருந்தார். அண்ணன் படிக்கு வெளியே முக்காலியில் உட்கார்ந்து, ஒரு கையில் டப்பா, இன்னொரு கையில் தம்பியின் தோள். ஆம்புலன்ஸ்காரர்கள் வரும்வரை சண்டை நிற்கவில்லை. சண்டை போடுகிறவர் மயங்கமாட்டார் என்று நானும் தடுக்கவில்லை.

ரிவர்ஸ்

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வந்த பிறகு யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் எனக்குத் தபால் வேலை போய்விட்டது. பழக்க தோஷத்தில் நான், "சொல்லிட்டு வரட்டுமா ஐயா?" என்று கேட்டால், அண்ணன், "வேணாம்மா, நானே திட்டிக்கிறேன். நீ பாதிய முழுங்கிடற" என்பார்.

கொஞ்ச நாளில் பெங்களூர் மகள் போன் செய்தாள். "மேடம், ரோபோ ரிப்பேரா? முன்ன மாதிரி ஓடவே இல்லன்னு ஆப்ல காட்டுது."

"வண்டி நல்லாத்தாம்மா இருக்கு. பெரியவங்க ரெண்டு பேரும் இப்ப ஒரே ரூம்ல இருக்காங்க."

போனில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

இப்போது நான் புதிதாக வரும் பைலட்களுக்கு ட்ரெய்னிங் கொடுக்கிறேன். மாத்திரை, பேட்டரி, நெட் போனால் வீடியோவை நிறுத்துவது எல்லாம் சொல்லிக் கொடுத்த பிறகு, ஒரு சாயங்கால ஷிஃப்டில் அந்த வீட்டுக்குள் அவர்களையே விடுவேன். போன மாதம் ஒரு பெண் வண்டியை உள்ளே விட்டாள். அண்ணனும் தம்பியும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து, ரசத்தில் உப்பு ஜாஸ்தியா கம்மியா என்று மோதிக்கொண்டிருந்தார்கள். அவள், "ஐயா, மாத்திர போட்டாச்சா?" என்றாள்.

"ஆச்சு" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் பெண் ஜாய்ஸ்டிக்கை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "இப்ப நான் இன்னா மேடம் பண்ணணும்?"

"ரிவர்ஸ் எடு" என்றேன். "மெதுவா. சத்தம் வராம."