மணலிக் காற்றின் மேல் போட்ட பழி

முதல் இருமல் வந்தபோது நான் வீட்டில் உட்கார்ந்து கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். இதை முதல் வரியிலேயே சொல்லக் காரணம் உண்டு. பட்டறையில் வைத்து இருமியிருந்தால் எனக்குப் பதினான்கு மாதங்கள் மிச்சமாகியிருக்கும்.

எங்கள் வீடு திருவொற்றியூரில். மாலையில் காற்று திரும்பினால் மணலி எண்ணெய், ரசாயன ஆலைகளின் வாடை உள்ளே வரும். அன்றும் வந்தது. அம்மா ஜன்னலைச் சாத்தினார்.

“கலீஜ் நாத்தம் வந்துட்ச்சு. இருமாம இன்னா பண்ணும்?”

அத்துடன் விசாரணை முடிந்தது. எங்கள் தெருவில் யார் இருமினாலும் தீர்ப்பு அதுதான்.

நான் இயந்திரப் பொறியியல் படித்தவள். உடன் படித்த சிராஜ் ராயபுரத்துக்காரன். இருவரும் டோல்கேட் பக்கம் ஒரு பட்டறை நடத்துகிறோம். கடையில் வாங்கிய மோட்டார் சைக்கிளை அக்கக்காகப் பிரித்து, இன்ஜினின் சக்தியைக் கூட்டி, சட்டத்தை (ஃபிரேம்) வெட்டி ஒட்டி, பந்தயத் தடத்துக்கான வண்டியாகத் திரும்பக் கட்டுவது எங்கள் வேலை. வெல்டிங் அவன் பொறுப்பு. இன்ஜினும் பெயின்ட்டும் என் பொறுப்பு. அந்த ஆண்டுதான் முதன்முறையாக எனக்கென்று ஒரு வண்டி கட்ட ஆரம்பித்திருந்தேன். அதை நானே பந்தயத்தில் ஓட்டுவதாக இருந்தது.

மூன்றாம் மாதம் இருமலோடு இழுப்பும் (மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் போன்ற சத்தம்) சேர்ந்தது. மாடிப்படி ஏறினால் நடுவில் நிற்க வேண்டியிருந்தது.

முதல் மருத்துவர் இருமல் மருந்து கொடுத்தார். இரண்டாமவர், வீட்டில் வளர்க்கும் பூனையை வெளியே விடச் சொன்னார். எங்களிடம் பூனை இல்லை என்றேன். பக்கத்து வீட்டுப் பூனையாக இருக்கும் என்றார். மூன்றாமவர் என் ஹெல்மெட்டைப் பார்த்தார்.

“பைக்கா ஓட்டுற? ஸ்கூட்டி இல்லையா?”

“பைக்தான் சார்.”

“அதை நிறுத்து. எல்லாம் சரியாயிடும்.”

எப்படிச் சரியாகும் என்று கேட்டேன். அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்.

எனக்கு எரிச்சல் வந்தால் அட்டவணை போடுவேன். தேதி, காற்றின் திசை, வாடை உண்டா இல்லையா, தெருவில் டேங்கர் லாரி நின்றதா, சாப்பாடு, அம்மா சாம்பிராணி போட்டாரா, இருமல் தொடங்கிய நேரம் என்று ஏழு பத்திகள். நான்கு மாதம் ஒழுங்காக நிரப்பினேன். சிலிண்டர் ஹெட் வேலைக்காகக் கோயம்புத்தூரில் ஒரு வாரம் தங்கியபோது இருமலே இல்லை. அங்கே காற்று சுத்தம் என்று எழுதினேன். அடைமழை வாரத்தில் மணலி வாடை துளியும் இல்லை, ஆனால் இருமல் அதிகம். ஈரம் என்று எழுதினேன். இப்போது அந்தப் பக்கத்தைப் பார்த்தால் கிழித்துப்போடத் தோன்றுகிறது.

கடைசியில் ஒரு நுரையீரல் மருத்துவரிடம் போனேன். ஐம்பது வயதிருக்கும் பெண்மணி. அட்டவணையை முழுக்கப் படித்துவிட்டுக் கேட்டார்.

“இதுல நீங்க வீட்டுல இருக்குற நேரம் மட்டும்தான் இருக்கு. பகல்ல எங்க போறீங்க?”

“பட்டறைக்கு.”

“அங்க கையால என்னென்ன செய்றீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

சொன்னேன். பெட்ரோல் டேங்குக்கு மேல்பூச்சு அடிப்பேன் என்றதும் பேனாவைக் கீழே வைத்தார். “அதுல ஹார்டனர் கலப்பீங்களா?”

கலக்காமல் எப்படி? அது இல்லாவிட்டால் பெட்ரோல் சிந்திய இடத்தில் பூச்சு உரிந்துவிடும். மழை வாரத்தில் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே அடித்தோம். கோயம்புத்தூரில் ஒரு நாளும் அடிக்கவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே இரண்டும் எனக்கு உறைத்தன. ஒரு இன்ஜினில் சத்தம் வந்தால் பத்து இடத்தில் காது வைத்துக் கேட்பவள் நான். என் அட்டவணையில் ‘வேலை’ என்ற பத்தியே இல்லை.

ஹார்டனரில் ஐசோசயனேட் (பூச்சை இறுக வைக்கும் வேதிப்பொருள்) இருக்கிறது. சிலருடைய நுரையீரல் அதை ஒரு நாள் பகை என்று முடிவு செய்துவிடும். அதன் பிறகு மிகச் சிறிய அளவு போதும். மருத்துவர் இதைத் தொழில்வழி ஆஸ்துமா (வேலையிடத்துப் பொருளால் மூச்சுக்குழாய் சுருங்கும் நோய்) என்றார். எனக்கு அது உடனே வராது, ஆறு மணி நேரம் கழித்து வருகிறது. மதியம் பெயின்ட் அடித்தால் மாலை வீட்டில், சரியாக மணலி வாடை வரும் நேரத்தில்.

அவர் ஒரு ஊதுகுழாயைக் கொடுத்தார் (மூச்சை வெளியே தள்ளும் வேகத்தை அளப்பது). வேலைக்குப் போகும் இரண்டு வாரம், போகாத இரண்டு வாரம், தினம் நான்கு முறை ஊதி எழுதச் சொன்னார். பெயின்ட் அடித்த நாட்களின் மாலையில் எண் 270க்கு இறங்கியது. வீட்டில் இருந்த இரண்டு வாரமும் 400க்கு மேலேயே நின்றது. அதில் ஐந்து மாலைகள் மணலி வாடை வந்தது. வேண்டுமென்றே ஜன்னலைத் திறந்து வைத்து ஊதினேன். அம்மாவுக்குக் கோபம்.

“உனுக்கு இன்னா பைத்தியமா? ஊரே மூக்கப் பொத்திக்கினு கீது.”

மணலிக் காற்று நல்லது என்று நான் சொல்லவில்லை. அது செய்யும் கெடுதல் வேறு. இதை அது செய்யவில்லை.

சிராஜ் நம்பவில்லை. “அதே ரூம்லதான் நானும் நின்னுகினு இருந்தேன். எனுக்கு ஏன் வரல?”

“நாளைக்கு வரலாமாம்.”

“நல்ல வாய் உனுக்கு.”

என் வண்டியின் டேங்குக்கு மட்டும் இன்னும் பூச்சு அடிக்கவில்லை. நல்ல முகமூடி போட்டு ஒரே ஒரு முறை அடிக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். நான் அதுவரை முகத்தில் கட்டியிருந்தது மூன்று மடிப்புத் துணி. அது தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அவர் கறாராகச் சொன்னார். “உங்களுக்கு ஒரு முறைன்னு ஒண்ணு கிடையாது. பெயின்ட்ட விட்டா பட்டறையில இருக்கலாமான்னு பாக்கலாம். அப்பவும் எண் இறங்கினா, பட்டறையை விடணும்.”

அதுதான் பயம். இன்ஹேலர் (மருந்தை மூச்சோடு உள்ளிழுக்கும் கருவி) பயமில்லை. அதைக் கல்யாணப் பேச்சு முடியும்வரை யார் கண்ணிலும் காட்டாதே என்று அம்மா சொன்னதும் பயமில்லை, கடுப்புதான்.

பெயின்ட் வேலையை வியாசர்பாடியில் ஒருவருக்கு மாற்றினோம். முழுதாகக் காய்ந்த பிறகே பாகங்கள் திரும்பி வரும். மூன்று வாரம் எண் அசையவில்லை. நான்காம் வாரம் ஒரு மாலை 250. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், உட்காரக்கூட மூச்சு இல்லை. மறுநாள் பட்டறையில் முந்தைய பகலை நிமிடம் நிமிடமாகப் பிரித்தேன். சிராஜ் ஒரு பழைய சட்டத்தில் பிடிமானம் ஒன்றை வெல்டு வைத்திருந்தான், பழைய பெயின்ட்டைச் சுரண்டாமல். அந்த மாதிரிப் பூச்சு சூட்டில் கருகினாலும் அதே பொருள் வெளியே வரும்.

“சுரண்டுனியா?”

“அவசரத்துல வச்சேன். சின்னத் துண்டு நித்யா, விரல் அளவு.”

“அந்த விரல் அளவுக்கு நான் பட்டறையை விட்டுப் போகணும்.”

அவன் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். “பேஜாரா கீது உன்னோட. சரி, இனிமே தெருவுலதான் சுரண்டுவேன். போறவன் வர்றவன் கேட்டா உன் பேரச் சொல்றேன்.” இப்போது அவன் வேறு பட்டறையில் நின்றுவிட்டு வந்தால்கூட, நான் சொல்லாமலே சட்டையை மாற்றிவிட்டுத்தான் உள்ளே வருகிறான். என் எண்ணும் அதன் பிறகு இறங்கவில்லை.

இதைப் படிப்பவர்களில் பெயின்ட், பிசின், ஃபோம், வெல்டிங் என்று எதிலாவது கை வைப்பவர்கள் இருப்பீர்கள். இருமல் வீட்டில் வருகிறது என்பதால் வீட்டைச் சந்தேகப்படாதீர்கள். ஆறு மணி நேரம் பின்னால் போய்த் தேடுங்கள். விடுமுறையில் சரியாகிறதா என்று பாருங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் உங்கள் வேலையை, கலக்கும் டப்பாவின் பெயர் வரை, சொல்லுங்கள். டப்பாவையே படம் எடுத்துப் போனால் இன்னும் நல்லது. கேட்க நேரமில்லை என்பவரிடம் திரும்பப் போகாதீர்கள்.

நினைத்திருந்ததைவிட எட்டு மாதம் தாமதமாகத்தான் பந்தயத்துக்குப் போனேன். டேங்கை மட்டும் வெளியே கொடுக்க மனம் வரவில்லை, அது பூச்சில்லாமல் வெறும் உலோகமாக இருந்தது. பதினாறு பேரில் ஒன்பதாவதாக வந்தேன். கடைசிச் சுற்றில் மூச்சு சீராகத்தான் இருந்தது. ஆனால் அப்போது சீராக இருப்பதை வைத்து என் உடலை நான் நம்புவதில்லை. அது இரண்டு காலத்தில் வாழ்கிறது. கையும் காலும் இந்த நொடியில் இருக்கின்றன, நெஞ்சு ஆறு மணி நேரம் பின்னால் நின்றுகொண்டிருக்கிறது.

பதினொரு மணிக்கு ஹெல்மெட்டைக் கழற்றியதும் சிராஜ் ஓடி வந்தான். “எப்டி இருந்துச்சு?”

“அஞ்சு மணிக்குச் சொல்றேன்.”

“சரி.” சிரிக்காமல் போய் நிழலில் உட்கார்ந்தான். பக்கத்தில் வண்டிகளை ஏற்றிக்கொண்டு எல்லோரும் கிளம்பினார்கள். நாங்கள் இருந்தோம். ஐந்து மணிக்கு ஊதினேன். 410. அப்போதுதான் எனக்குப் பந்தயம் முடிந்தது.