கேப்டன் நீட்டிய மீன் தட்டு

போன செவ்வாய்க்கிழமை என் வேலை போயிருக்க வேண்டியது. போகவில்லை. எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள்…

நம் தீவின் போர்ட் லூயி துறைமுகத்தில், ஒரு கப்பல் ஏஜென்சியில் நான் குமாஸ்தா என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். இப்போதெல்லாம் சூரை மீன் பிடிக்கும் ஜப்பான் கப்பல்கள் நிறைய வருகின்றன. அன்றைக்கும் ஒன்று வந்திருந்தது. அதன் கேப்டன் எங்களிடமே இருப்பாரா, எதிர் ஏஜென்சிக்குப் போய்விடுவாரா என்பது அன்று முடிவாக வேண்டும். மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல். ஜப்பானியப் பாலபாடம் ஒன்றை பஸ்ஸில் புரட்டிக்கொண்டிருந்த பாவத்துக்கு, துரை என்னைக் கப்பலுக்கு இழுத்துப் போனார்.

கேப்டன் உபசாரமாக ஒரு தட்டை நீட்டினார். பச்சை மீன்! எனக்கோ காவடி விரதம், ஆறாம் நாள். கையால் தொட மனம் வரவில்லை. பேனா நுனியால் தட்டைத் தள்ளிவிட்டேன். என்னைத் தவிர வேறு யார் இப்படிச் செய்வார்கள்?

அவர் முகம் இறுகியது. எழுந்து நின்றுவிட்டார்.

"கி தோன் ஃபேர்?" — என்ன காரியம் செய்தாய் என்று துரை தீவுப் பேச்சான கிரியோலில் சீறினார். "இந்தக் கப்பல் போச்சுன்னா நீயும் போ!"

விளக்கியாக வேண்டும். எப்படி? மூன்று வாரமாக அந்தப் புத்தகத்தில் வா, ஓ, நி என்று சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் பொடிசுகள் என்னைப் படாதபாடு படுத்தியிருந்தன. வீட்டில் நாங்கள் பேசுவது கிரியோல். "மோ பா மான்ஸ் புவாசோன்" — நான், இல்லை, சாப்பிடு, மீன். இதில் அந்த வால்களை எங்கே ஒட்டுவது?

வியர்த்துக் கொட்டியது. முருகா என்றேன். உடனே மனம் தமிழுக்குத் தாவியது. நான் கடவுளுக்காக மீனைச் சாப்பிடுவதில்லை… அட! 'மீனை'யில் இருக்கும் ஐதானே அந்த ஓ? சின்ன வயதில் கோவில் தமிழ் வகுப்பில் ஐ, ஆல், கு என்று தொண்டை வறளக் கத்தினோமே, அதே கூட்டம்தானே இது? வரிசைகூட மாறவில்லையே!

"வதாஷி வா… காமி நோ தமே நி… சகானா ஓ… தபேமாசென்."

என் தமிழ் வாக்கியத்துக்குச் சட்டை மாற்றிவிட்டது மாதிரி இருந்தது.

கேப்டன் மெல்ல உட்கார்ந்தார். வானத்தைக் காட்டி, "காமி?" என்றார். ஆமாம் என்று கைகூப்பினேன். அவர் தலை தாழ்த்தி வணங்கினார். தட்டு போனது, டீயும் ஆரஞ்சுப் பழமும் வந்தன. பிறகு எங்கள் காகிதத்தில் கையெழுத்தும் விழுந்தது.

இறங்கும்போது துரை கேட்டார். "எங்கே படிச்சே இந்த பாஷையை?"

"கோவில்ல, மிஸ்யே."

அவர் நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும். இனி ஜப்பான் கப்பல் எல்லாம் என் மேசைக்குத்தான் என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டாரே! சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போகும் காத்ர் போர்ன் பஸ்ஸில், தீவுக்குச் சுதந்திரம் வருமா வராதா என்று எல்லோரும் அடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அன்றே வந்துவிட்டது.

இலக்கணம் சோறு போடுமா என்று கேட்பவர் யாராவது இருந்தால்… என்னிடம் அனுப்பிவையுங்கள்.